காற்றில்லா டயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் பஞ்சர் கடைகளுக்குக் குறைவில்லை. ஆணி ஏறிய டயரோடு அங்கே காத்திருப்பவருக்குக் காற்றே வேண்டாத டயர் என்ற செய்தி இனிக்கத்தான் செய்யும். விமானப்படை நிலையமும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் உள்ள பகுதி என்பதால், ‘மிலிட்டரி வண்டியில் எப்போதோ வந்துவிட்டது’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் டயரில் காற்று சும்மா அடைந்து கிடக்கவில்லை. வண்டியின் எடையைத் தாங்குவதே அதுதான். அதை நீக்கினால் அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

நம்பிக்கை 1: டியூப்லெஸ்தான் காற்றில்லா டயர்.

உண்மை: டியூப்லெஸ்ஸில் டியூப்தான் இல்லை, காற்று உண்டு. டயரின் உட்புற ரப்பர் படலமும் ரிம்மும் சேர்ந்து அதை அடைத்து வைக்கின்றன. குத்திய ஆணியே துளையை ஓரளவு அடைத்துக்கொள்வதால் காற்று மெதுவாக இறங்குகிறது. கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி, துளையை அரம்போன்ற ஊசியால் ராவி, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகிவிடுவார். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த வைத்தியம் பலிக்காது.

நம்பிக்கை 2: ராணுவ வண்டிகள் காற்றில்லா டயரில்தான் ஓடுகின்றன.

உண்மை: பெரும்பாலானவை காற்று டயரில்தான் ஓடுகின்றன. கவச வண்டிகள் பலவற்றில் டயருக்குள் ரிம்மைச் சுற்றி ‘ரன்-ஃப்ளாட்’ எனும் கெட்டி வளையம் இருக்கும். குண்டு பாய்ந்து காற்று போனாலும் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்து, வேகம் குறைத்து, ஆபத்தைக் கடந்துவிடும். காற்றே இல்லாத சக்கரங்களைப் பார்க்க ஆவடிக்குப் போக வேண்டும். அங்கே உருவாகும் அர்ஜுன் டாங்கியில் பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள். விளிம்பில் திட ரப்பர். ஆனால் அவை உருள்வது தார்ச்சாலையில் அல்ல, டாங்கியின் இரும்புப் பட்டையின் மேல்.

நம்பிக்கை 3: கரடுமுரடான எந்தத் தரைக்கும் காற்றில்லா டயரே சிறந்தது.

உண்மை: கல், முள், இரும்புத் துண்டுகள் கிடக்கும் இடத்தில் சிறந்ததுதான். அமெரிக்காவின் பொலாரிஸ் நிறுவனம் 2013-ல் எம்.வி.850 என்ற ராணுவ வண்டிக்குத் தேன்கூட்டு அமைப்பில் டயர் பொருத்தியது. துப்பாக்கிக் குண்டு துளைத்த பிறகும் அது சுமார் 560 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவித்தது. மணலில் கதை வேறு. காற்றை இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படரும், எடை பரவும், சக்கரம் புதையாது. இதற்காகவே பல ராணுவ லாரிகளில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ஆனால் தேன்கூட்டு டயரின் விறைப்பு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அறைகளில் சேறு அப்பிக் காய்ந்தால் வண்டி அதிரவும் செய்யும்.

நம்பிக்கை 4: பஞ்சர் இல்லாததால் எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

உண்மை: தடையாக நிற்பது வெப்பம். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி விரிந்து சூடேறுகிறது. கெட்டி ரப்பருக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். ஒரகடம் பக்கத்துக் கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டின் திட டயரைக் குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்கு தெரியும்: ரிம்மைப் பற்ற எஃகு வளையம் வைத்த கெட்டி அடி, அதிர்வை வாங்க மென்மையான நடு, தேய்மானம் தாங்கும் மேல். இந்த டயர் டன் கணக்கில் எடை தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் ஓடலாம். ரப்பரைக் கெட்டியாக நிரப்பாமல் ஆரங்களால் எடை தாங்கும் மிச்சலின் நிறுவனத்தின் ‘ட்வீல்’ டயர் 2005-லேயே அறிமுகமானது. அதுவும் விற்பனையில் கால் ஊன்றியது ‘பாப்கேட்’ போன்ற மண் அள்ளும் மெதுவான வண்டிகளில்தான்.

நம்பிக்கை 5: நம் கார்களுக்கு நாளையே வந்துவிடும்.

உண்மை: மிச்சலின் தன் காற்றில்லாக் கார் டயரான அப்டிஸை 2019-ல் காட்டியது. 2023-ல் சிங்கப்பூரில் டி.எச்.எல். கூரியர் நிறுவன வேன்களில் சோதனை ஓட்டம் தொடங்கியது. ஆனால் அதே மிச்சலின் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் லாரி, பஸ்களுக்குக் காற்று டயர்களையே தயாரிக்கிறது.

எனவே ‘பஞ்சரே ஆகாது’ என்று யாராவது விற்க வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு எடை தாங்கும்? எந்த வேகம் வரை? அந்த வேகத்தில் விடாமல் ஓடினால் சூடு தாங்குமா? நேரான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். இருக்கிற டயரில் மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. உங்கள் குடும்பத்தின் எடையைத் தாங்குவது அந்தக் காற்றுதான்.