குழுக் கடனில் கேமரா வாங்கும் முன் ஒரு பாடம்



தையல், அப்பளம், பினாயில், சாம்பிராணி என்று எத்தனையோ தொழில் பாடங்களைப் படித்திருக்கிறோம். இந்த முறை கேமரா. "அது ஸ்டுடியோக்காரங்க வேலை, நமக்கு எதுக்கு" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். எங்கள் குழுவும் முதலில் அப்படித்தான் நினைத்தது. அப்புறம் தீர்மானம் போட்டு, உள்கடன் எடுத்து, ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினோம். வாங்கிய மூன்றாவது வாரமே பெரிய தப்பு ஒன்று செய்தோம். பாடத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு போனோம். கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். பெண்ணைக் கிழக்குப் பார்த்து மணையில் உட்கார வைத்ததில், திறந்திருந்த வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. வெளியே நல்ல வெயில். ஃபிளாஷ் கண்ணைக் கூசுகிறது என்று ஒரு பாட்டி சொன்னதால் அதையும் அணைத்துவிட்டோம். கேமரா பெரிசு, 24 மெகாபிக்சல், அதுவே எல்லாத்தையும் பார்த்துக்கும் என்ற தைரியம்.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. வாசல் விழுந்த படங்களில் வாசல்தான் பளிச்சென்று இருக்கிறது, பெண்ணின் முகம் கறுப்பு. வாசல் விழாமல் பக்கவாட்டில் எடுத்த படங்களில் முகம் தெரிகிறது, ஆனால் வளையல் போடும் கைகள் எல்லாம் புகை மாதிரி. 180 படத்தில் ஆல்பத்துக்குத் தேறியது 11. முன்பணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் அம்மா எங்களைத் திட்டவில்லை. "பணம் கிடக்கட்டும்மா, ஏழாம் மாசம் திரும்ப வருமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அது என்ன செய்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

எங்களிடம் இருப்பது கேனான் இ.ஓ.எஸ். 1500டி. 2018ல் வந்த மாடல். அதை வைத்தே சொல்கிறோம். மற்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கும் அடிப்படை இதுதான்.

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. மேலே உள்ள கண்ணாடிகளில் திரும்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு வருகிறது. ஆக நாம் பார்ப்பது டி.வி. மாதிரி திரை இல்லை, லென்ஸ் காட்டும் நிஜக் காட்சி. பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். பின்னால் இருக்கும் ஷட்டர் என்ற திரை திறந்து மூடும். அந்த இடைவெளியில் வெளிச்சம் சென்சார் மேல் விழுந்து படமாகிறது. "டக்" என்று கேட்பது கண்ணாடியும் ஷட்டரும் போடும் சத்தம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மாடலில் துளை வழியே தெரிவது படத்தில் 95 சதவீதம்தான். ஓரத்தில் கழற்றிப்போட்ட செருப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சென்சாரின் அளவு 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். சின்னத் தபால் தலை அளவுதான். ஆனாலும் சாதாரண செல்போனில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிசு. கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

மெகாபிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் கணக்கு. 24 மெகாபிக்சல் என்றால் நீளத்தில் 6000, அகலத்தில் 4000, மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளி. நமக்கு எவ்வளவு வேண்டும்? ஆல்பத்தில் 12க்கு 8 அங்குலப் படம் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 2400 போதும். அதாவது 86 லட்சத்துச் சொச்சம். கடைக்காரர் "இதைவிட மெகாபிக்சல் ஜாஸ்தி" என்று அடுத்த கேமராவைக் காட்டி எட்டாயிரம் கூடக் கேட்டால் இந்தக் கணக்கை அவரிடமே போட்டுக் காட்டுங்கள்.

வெளிச்சத்துக்கு மூன்று கணக்கு

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள், கேமரா கையில் இருந்தால் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தெருக்குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்வோம். குடம் நிறைய வேண்டுமானால் குழாயை அகலமாகத் திறக்கலாம், இல்லை சிறுசாகத் திறந்து ரொம்ப நேரம் நிற்கலாம். கேமராவில் குழாயின் அகலம் அப்பர்ச்சர். லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் ஓட்டை அது. நேரம் ஷட்டர். 30 வினாடியிலிருந்து ஒரு வினாடியில் 4000ல் ஒரு பங்கு வரை வைக்கலாம்.

அப்பர்ச்சர் எண்ணில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். எஃப் 3.5, 5.6, 8, 11 என்று போகும். எண் கூடினால் ஓட்டை சின்னதாகும். எங்களுக்கே இது பிடிபட ஒரு வாரம் ஆனது. ஓட்டை பெரிசாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் குறிவைத்த ஆள் மட்டும் தெளிவாக இருப்பார், முன்னும் பின்னும் மங்கும். ஒற்றை ஆளுக்கு அது அழகு. குழு உறுப்பினர்களை மூன்று வரிசையாக நிறுத்தி எடுக்கும்போது அதே அழகு வினையாகிவிடும். ஊக்குநர் தெளிவாக இருப்பார், கடைசி வரிசை கலங்கிப்போகும். அந்தப் படத்துக்கு எஃப் 8 வையுங்கள்.

ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருந்தால் நம் கை நடுக்கமும் எதிரே இருப்பவரின் அசைவும் படத்தில் பதியும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி, ஐ.எஸ்., இருக்கிறது. அது நம் நடுக்கத்தைத்தான் குறைக்கும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தாது. ஆள் அசையும் இடத்தில் 125ல் ஒரு பங்கு, குழந்தை என்றால் 250ல் ஒரு பங்கு என்று வைத்துப் பழகுங்கள்.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ. வந்து சேர்ந்த வெளிச்சத்தை எத்தனை மடங்கு உயர்த்திக் காட்டுவது என்ற கணக்கு. மைக் செட்டில் சத்தத்தைக் கூட்டுவது மாதிரிதான். பாட்டும் கூடும், பின்னால் இருக்கும் இரைச்சலும் கூடும். படத்தில் அந்த இரைச்சல் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த மாடலில் 100 முதல் 6400 வரை உண்டு.

இப்போது வளைகாப்புக்குத் திரும்புவோம். யாரோ "ஐ.எஸ்.ஓ. 400ஐத் தாண்டாதீங்க" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு 400லேயே நின்றுவிட்டோம். லென்ஸை 55 வரை இழுத்ததில் அப்பர்ச்சர் 5.6க்கு மேல் திறக்கவில்லை. அந்த டியூப் லைட்டில் ஷட்டர் 8ல் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. கை புகையாகாமல் என்ன செய்யும்?

செய்திருக்க வேண்டிய கணக்கு இதோ. ஐ.எஸ்.ஓ.வை 400லிருந்து 1600 ஆக்கினால் நான்கு மடங்கு, ஷட்டர் 8லிருந்து 30ல் ஒரு பங்கு ஆகும். லென்ஸை 18க்குச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனால் அப்பர்ச்சர் 3.5 வரை திறக்கும். அதில் இன்னும் இரண்டரை மடங்கு, ஷட்டர் சுமார் 80ல் ஒரு பங்கு. கைகள் ஓரளவு நின்றிருக்கும். கொஞ்சம் புள்ளி வந்திருக்கும். புள்ளி உள்ள படத்தை ஆல்பத்தில் போடலாம், புகையைப் போட முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் கிடைக்கிறது. 5.6ஐவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். முன்னும் பின்னும் இழுக்க முடியாது, நாம்தான் நடக்க வேண்டும். சின்னக் கூடத்தில் சுவரில் முதுகு இடிக்கும். இருந்தாலும் விலை உயர்ந்த பாடிக்குக் காசைக் கொட்டுவதைவிட இந்த லென்ஸுக்கும் ஒரு தனி ஃபிளாஷுக்கும் செலவு செய்வது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் எஃப் 5.6ல், ஐ.எஸ்.ஓ. 100ல் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் எட்டும். 400 வைத்தால் மூன்று மீட்டர் சொச்சம். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று அதை அடித்துப் பிரயோஜனம் இல்லை.

முகம் ஏன் கறுத்தது? கேமரா தன் முன் இருப்பதை எல்லாம் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். வெயில் அடிக்கும் வாசலைப் பார்த்து "ரொம்ப வெளிச்சம்" என்று அது குறைத்தது, முகமும் சேர்ந்து இருண்டது. கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. அதில் +1 அல்லது +2 வைத்தால் முகம் தெளியும், வாசல் வெளுத்துப்போகும். ஃபிளாஷ் போட்டிருந்தால் இரண்டும் ஓரளவு வந்திருக்கும். எல்லாவற்றையும்விட சுலபம், சடங்கு ஆரம்பிக்கும் முன்பே கதவை ஒருக்களித்து வைக்கச் சொல்லியிருக்கலாம். மணையைத் திருப்பச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை, கதவைச் சொல்லலாம்.

மேலே உள்ள திருகில் ஏ.வி., டி.வி. என்று இரண்டு இருக்கும். ஏ.வி.யில் அப்பர்ச்சரை நாம் வைக்கிறோம், ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும். டி.வி.யில் ஷட்டர் நம்முடையது. விசேஷ வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் டி.வி.யில் 125 வைத்து, ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டால் பெரிய ஆபத்து வராது.

சேலை, பை என்று குழுப் பொருட்களைப் படம் எடுத்து விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயிட் பேலன்ஸ் சரியில்லாவிட்டால் குண்டு பல்பில் நீலம் கலங்கிவிடும், சில டியூப் லைட்டில் வெள்ளை பச்சையடிக்கும். வந்த சேலை படத்தில் பார்த்த நிறம் இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், கூரியர் செலவு நம் தலையில். ஒரே வகை வெளிச்சத்தில் எடுங்கள். வெயில் நேராக விழாத திண்ணை ரொம்ப நல்ல இடம்.

பழைய கேமரா வாங்கும்போது

இப்போது கம்பெனிகளின் கவனம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டது. 2020ல் வந்த தன் பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமராதான் அந்த வரிசையில் கடைசி என்று கேனான் கம்பெனியே 2021ல் சொல்லிவிட்டது. ஸ்டுடியோக்கள் மாறும்போது பழைய டி.எஸ்.எல்.ஆர். விற்பனைக்கு வருகிறது. நமக்கு லாபம்தான், பார்த்து வாங்கினால்.

எங்களிடம் விற்றவர் "ரெண்டாயிரம் படம்தான் எடுத்திருக்கு, நம்பரைப் பாருங்க" என்று படத்தின் எண்ணைக் காட்டினார். நம்பிவிட்டோம். அந்த எண் 9999 ஆனதும் மறுபடி 0001லிருந்து ஆரம்பிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அது இரண்டாயிரமாகவும் இருக்கலாம், நாற்பத்திரண்டாயிரமாகவும் இருக்கலாம். ஷட்டர் ஓடி ஓடித் தேயும் பாகம். நிக்கான் டி3500 மாடலின் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாக அந்தக் கம்பெனி சொல்கிறது. கல்யாணத்துக்கு 2000 படம் வீதம் எடுத்தால் 50 கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலுக்குள்ளேயே மொத்த எண்ணிக்கை பதிவாகும். கேனான் 1500டியில் அப்படி இல்லை, கேபிள் போட்டு தனி சாஃப்ட்வேரில்தான் பார்க்க வேண்டும். தெரிந்த பிள்ளைகள் யாரையாவது லேப்டாப்போடு கூட்டிப் போங்கள்.

லென்ஸைக் கழற்றி செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வாங்க வேண்டாம். அப்பர்ச்சரை 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள். தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் வட்டமான உலோகப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வந்த கேமராக்கள் உண்டு. அவற்றில் வேறு கம்பெனிகளின் விலை குறைந்த ஃபிளாஷ் பல எரியாது.

வீட்டில் வைக்கும்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், தவிடு ஏறும்.

கடைசியாக கார்டு. 1500டியில் ஒரு கார்டுக்குத்தான் இடம். அது கெட்டால் அன்றைய விசேஷமே போச்சு. மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கார்டை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றைப் போடுங்கள். பேட்டரி சுமார் 500 படம் தாங்கும், பின்திரையைப் பார்த்து எடுத்தால் அதில் பாதிகூட வராது. கூட ஒரு பேட்டரி வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். எங்கள் குழுவில் படம் எடுத்தவர் கார்டை அழிக்கக் கூடாது. காப்பியைப் பார்த்த இன்னொரு உறுப்பினர் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர்தான் அழிப்பார். தனி ஃபிளாஷைச் சுவரில் திருப்பி அடிப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.