ஐம்பது பெற்றோர் கேட்டால் போதும்

அன்பு மகளுக்கு,

இருமொழிக் கல்வி என்றதும் கலிபோர்னியாவில் சிலர் முகம் சுளிப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். நீ ஆசிரியையாக முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போகுமுன் பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொள்.

1913இல் நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐம்பது பெற்றோர் கேட்டால் நகரப் பள்ளிகளில் ஐரோப்பிய மொழி கற்பிக்க வேண்டும். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானிய வம்சாவளியினர். அடுத்து முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மனி எதிரி நாடானது. 1919இல் அதே மாநிலம், எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1913க்கும் 1919க்கும் இடையே ஆறே ஆண்டுகளில் குழந்தைகளின் மூளையா மாறிவிட்டது? அக்கம்பக்கத்தாரை ஊர் பார்த்த பார்வைதான் மாறியது.

கலிபோர்னியாவிலும் இதையே காண்கிறேன். 1994இல், ஆவணமில்லாமல் குடியேறிய பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைக்கும் 187ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் ஏற்றார்கள், நீதிமன்றம் தடுத்தது. நான்கே ஆண்டில் 227ஆம் முன்மொழிவு வந்தது. 61 சதவீத ஆதரவுடன் அது நிறைவேற, இருமொழி வகுப்புகள் பெருமளவு முடக்கப்பட்டன. சமூக உளவியலாளர்கள் லியோனி ஹடியும் டேவிட் சியர்ஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பானிய வம்சாவளியினர் மீதான மனக்கசப்புக்கும் இருமொழிக் கல்வி எதிர்ப்புக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது.

ஆனால் எதிர்ப்பவர்கள் எல்லாரையும் வெறுப்பாளர் என்று முத்திரை குத்திவிடாதே. 1996இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒன்பதாம் தெருப் பள்ளியில், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் ஆங்கிலம் கேட்டுப் போராடியவர்கள் லத்தீன் அமெரிக்கப் பெற்றோர்களே. கூலி வேலை பார்க்கும் தாய்க்கு, பிள்ளை ஆங்கிலம் இல்லாமல் பின்தங்கிவிடுமோ என்பது நியாயமான பயம்.

2016இல் 58ஆம் முன்மொழிவு பழைய தடையை நீக்கியது. 73 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. இம்முறை வாக்குச்சீட்டுத் தலைப்பில் இருந்த சொல் ‘பன்மொழிக் கல்வி’. வீட்டில் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்களும் தம் பிள்ளை ஸ்பானியம் கற்க விரும்பத் தொடங்கியிருந்தன. ஏழைப் பிள்ளையின் வாயில் சுமையாகத் தெரிந்த மொழி, வசதியான பிள்ளையின் வாயில் திறமையாகிவிட்டது. இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

ஆகவே கூட்டத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தாயை முதலில் தேடிப் போ. அவள் மொழியிலேயே பேசு. முடியாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துக்கொள். அவள் பிள்ளை ஆங்கிலத்தில் இப்போது எதை வாசிக்கிறான், அடுத்த ஆண்டு எதை வாசிப்பான் என்று நோட்டைத் திறந்து காட்டு.

அன்புடன்,
பெரியப்பா