அதிக தூரம் ஓடிய பெருவாகனத்தின் எஞ்சிய ஆயுளை மதிப்பிடல்

ஏழு இருக்கைகள் கொண்ட பழைய டீசல் பெருவாகனங்களை லா கூர்னெவ் குடும்பங்கள் பலவும், லா சப்பலில் கடை நடத்துவோரும் விரும்பி வாங்குகின்றனர். வாங்குபவரின் கண் முதலில் செல்வது தூரமானிக்கே. ஆயினும் அவ்வெண் தனித்து நின்று எதனையும் கூறுவதில்லை.

ஓர் எளிய கணக்கைக் காண்க. நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 80 கிலோமீற்றர் வேகத்தில் 2,40,000 கிலோமீற்றர் ஓடிய வாகனத்தின் இயந்திரம் 3,000 மணிநேரம் உழைத்துள்ளது. நகர நெரிசலில் சராசரி 20 கிலோமீற்றர் வேகத்தில் 1,20,000 கிலோமீற்றர் ஓடியது 6,000 மணிநேரம் உழைத்திருக்கும். குறைந்த தூரத்தைக் காட்டும் இரண்டாவது வாகனமே அதிகம் தேய்ந்தது. மேலும், டீசல் புகைக்குழாயிலுள்ள துகள் வடிகட்டி தன்னைத் தானே எரித்துத் தூய்மையாக்க நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். லா கூர்னெவுக்கும் லா சப்பலுக்கும் இடையே மட்டும் ஓடும் வாகனத்துக்கு அது வாய்ப்பதில்லை.

1990களில் எரிபொருள் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள், எந்த வாகனத்தையும் திருத்தி ஓட்டலாம் என நம்புவது இயல்பே. ஆனால் அவை எளிய அமைப்புடைய பெற்றோல் இயந்திரங்கள். இன்றைய டீசல் இயந்திரம் எரிபொருளை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவது. அதன் பழுதொன்று வாகனத்தின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

வாகனத்தைப் பார்வையிடச் செல்கையில் இயந்திரம் குளிர்ந்திருத்தல் வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பின் ஐயுறலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும். நில்லாத வெண்புகை குளிர்நீர்க் கசிவைக் குறிக்கலாம். அடிச்சட்டத்தின் துருவைக் குனிந்து பார்க்கவேண்டும். ஏ1 அல்லது ஏ86 நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது ஓட்டிப்பார்த்து, கியர் தடுமாறுகிறதா எனக் கவனித்தல் நன்று. டைமிங் பெல்ட் உள்ள இயந்திரமாயின், அது மாற்றப்பட்டமைக்கான பற்றுச்சீட்டைக் கேட்கவேண்டும், வாய்மொழி போதாது. அது அறுந்தால் இயந்திரமே சிதையும்.

நான்கு ஆண்டு கடந்த வாகனத்தை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனை அறிக்கையை, அதாவது 'கொந்த்ரோல் தெக்னிக்'கை, வழங்கவேண்டும். அதில் உறுப்புகள் எவையும் கழற்றப்படுவதில்லை. ஆகவே அது ஆயுளுக்கான சான்றன்று. அதனிலும் பயனுள்ளது 'இஸ்தோவெக்' எனும் அரசின் இலவச இணையச் சேவை. விற்பவர் அதன் இணைப்பைப் பகிர்ந்தால், உரிமையாளர் மாற்றங்களையும் முந்தைய பரிசோதனைகளில் பதிந்த தூரங்களையும் காணலாம். தூரம் ஓரிடத்தில் குறைந்திருப்பின் தூரமானி திருத்தப்பட்டிருக்கக்கூடும். பகிர மறுப்பவரிடம் வாங்காதிருத்தலே அறிவுடைமை.

ஆயுளுடன் தொடர்பற்ற செலவொன்றும் உண்டு. 2024 ஒக்டோபர் முதல் பாரிஸில், 1.6 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் வாகனங்களை நிறுத்தும் வெளியூரவர் மும்மடங்கு கட்டணம் செலுத்துகின்றனர்: 18ஆம் வட்டாரத்தில் மணிக்கு 12 யூரோ, 10ஆம் வட்டாரத்தில் 18 யூரோ.

வாங்கிய பின் பழுது வெளிப்பட்டால், குடியியற் சட்டக்கோவையின் 1641ஆம் பிரிவு மறைந்த குறைபாட்டுக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. குறைபாட்டைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும். குறைபாடு விற்பனைக்கு முன்பே இருந்தது என நிறுவும் சுமை வாங்கியவருடையது; இயல்பான தேய்மானம் குறைபாடாகக் கொள்ளப்படாது. 2,50,000 கிலோமீற்றர் ஓடிய வாகனத்தில் இவ்வேறுபாடே வழக்கைத் தீர்மானிக்கும். தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்கிய நுகர்வோரின் நிலை மேலானது: முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் வெளிப்படும் குறைபாடு விற்பனையின்போதே இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. 5,000 யூரோ வரையான கோரிக்கைகளில், நீதிமன்றத்தை அணுகுமுன் இணக்க முயற்சி பொதுவாகக் கட்டாயமாகும். இணக்க நடுவரின் சேவை இலவசம்; விளம்பரத்தின் பிரதி, பரிசோதனை அறிக்கை, பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுடன் அவரிடம் செல்லலாம்.