பேஸ்மேக்கர் வைத்தவர் வெளியூர் போகலாமா?



இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களில் பலருக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. "பஸ் குலுங்கினா கருவி நகர்ந்துடுமோ? செல்போன் பேசினா நின்னுடுமோ? கோயில் வாசல்ல வச்சிருக்கிற மெட்டல் டிடெக்டர்ல நுழைஞ்சா என்ன ஆகும்?" என்று எண்ணி எண்ணி வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் அன்பினால், "நீங்க எங்கயும் போக வேணாம், சும்மா உக்காருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் கால் தளரும். தோள் பிடித்துக்கொள்ளும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். மனமும் சோர்ந்துபோகும். மனிதர் நடமாட வேண்டும் என்பதற்காகத்தான் டாக்டர் இந்தக் கருவியை வைக்கிறார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொண்டால், கடற்கரைக்கும் போகலாம், கச்சேரிக்கும் போகலாம், கடல் கடந்தும் போகலாம்.

பேஸ்மேக்கர் என்ன செய்கிறது?

நம் இருதயத்தின் மேல் பக்கத்தில் இயற்கையாகவே ஒரு சிறு மின்சார இடம் உண்டு. ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை "துடி, துடி" என்று அது கட்டளை அனுப்புகிறது. வயதாலோ நோயாலோ அந்த இடம் தளர்ந்துபோகலாம். அல்லது கட்டளை கீழே இறங்கும் வழியில் தடை ஏற்படலாம். அப்போது நாடி 40, 30 என்று குறைந்துவிடும். தலை சுற்றும், கண் இருட்டும், திடீரென்று மூர்ச்சை வரும்.

பேஸ்மேக்கர் தீப்பெட்டி அளவில் உள்ள ஒரு கருவி. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றோ இரண்டோ இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குப் போகிறது. இருதயம் தானாகத் துடித்தால் கருவி பேசாமல் கவனித்துக்கொண்டிருக்கும். துடிப்பு தாமதமானால் ஒரு சின்ன மின் தூண்டல் கொடுக்கும்.

உலகிலேயே முதன்முதலாக, 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43. அந்த முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆனாலும் அவர், மொத்தம் 26 கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001ஆம் ஆண்டு வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய கருவிகளின் பேட்டரி பெரும்பாலும் 8 முதல் 12 வருஷம் வரை உழைக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பேஸ்மேக்கர் நாடித்துடிப்பைத்தான் சரிசெய்கிறது. இரத்தக் குழாய் அடைப்புக்கும் மாரடைப்புக்கும் அது மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தொடர வேண்டும்.

முதல் ஆறு வாரம்

உண்மையான கவனம் தேவைப்படும் காலம் இதுதான். உள்ளே வைத்த கம்பி இருதயத்தில் ஊன்றிக்கொள்ளவும் மேலே போட்ட தையல் ஆறவும் நாள் வேண்டும். 4 முதல் 6 வாரம் வரை:

1. கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். பஸ்ஸில் மேல் கம்பியை அந்தக் கையால் பிடித்துத் தொங்க வேண்டாம். உட்கார இடம் கேட்டு வாங்குங்கள்.
2. அந்தக் கையால் நிறைகுடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம்.
3. பயந்துகொண்டு கையை அசைக்காமலே வைத்திருக்கவும் வேண்டாம். தோள் இறுகிவிடும். சாப்பிடுவது, சட்டை போடுவது போன்ற சாதாரண வேலைகளை அந்தக் கையாலும் செய்யுங்கள்.
4. புண் முழுவதும் ஆறும்வரை கடலிலும் குளத்திலும் குளிக்க வேண்டாம்.
5. ஸ்கூட்டரோ காரோ ஓட்டுவது டாக்டர் சம்மதித்த பிறகுதான்.

அட்டை பீரோவில் இருந்தால் பயனில்லை

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள். கருவியின் கம்பெனி, மாடல், எண், வைத்த தேதி, ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பலர் இதைப் பத்திரமாகப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். வெளியூரில் மயங்கி விழுந்தால் அங்குள்ள டாக்டருக்கு முதலில் வேண்டியது இந்த அட்டைதான். எப்போதும் பர்ஸிலோ கைப்பையிலோ இருக்கட்டும். ஒரு நகல் வீட்டில், ஒரு படம் மகன் அல்லது மகளின் செல்போனில் இருக்கட்டும்.

ஒரு சாண், ஒன்றரை முழம்

வலுவான காந்தமும் மின்காந்த அலையும் கருவிக்கு மிக அருகில் வந்தால் அதன் வேலை தற்காலிகமாக மாறலாம். தூர விலகினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆகவே தூரம்தான் பாதுகாப்பு. அளக்க டேப் வேண்டாம், உங்கள் கையே போதும்.

ஒரு சாண் தூரம்: செல்போன், காதில் மாட்டும் ஹெட்போன், மிக்ஸி, கிரைண்டர். 15 சென்டிமீட்டர் போதும் என்பது கணக்கு. ஒரு சாண் அதைவிடச் சற்று அதிகம். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். கருவி இடப்பக்கம் இருந்தால் வலது காதில் வைத்துப் பேசுங்கள்.

ஒன்றரை முழம் தூரம்: இன்டக்‌ஷன் அடுப்பு. இதற்கு 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி இடைவெளி வேண்டும். அடுப்பின் மேல் குனிந்து கிளற வேண்டாம். கேஸ் அடுப்பில் இந்தத் தொல்லை இல்லை.

கிட்டவே போகக் கூடாதவை: காந்தப் படுக்கை, காந்த வளையல், வெல்டிங் வேலை. வலிக்குக் கரண்ட் வைக்கும் சிகிச்சையை டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ளாதீர்கள். உடலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் மின்சார எடை மெஷினிலும் ஏற வேண்டாம்.

டி.வி., ரேடியோ, மின்விசிறி, பழுதில்லாத இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ் இவற்றால் பயமில்லை.

கேட்கிறார்கள், சொல்கிறோம்

"சிஸ்டர், காலையில பீச்சுல வாக்கிங் போலாமா?"

தாராளமாகப் போகலாம். திருவான்மியூர் கடற்கரை நடப்பதற்கு நல்ல இடம். முதலில் 10 நிமிஷம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி அரை மணி நேரம் நடக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். மணலில் நடந்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஆரம்பத்தில் ரோட்டில் நடங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். கடலில் காலை நனைக்கலாம், ஆழத்தில் இறங்க வேண்டாம். அலையின் இழுப்பு, பேஸ்மேக்கர் இருப்பவர் இல்லாதவர் என்று பார்ப்பதில்லை.

"கோயில்ல, மெட்ரோ ஸ்டேஷன்ல மெட்டல் டிடெக்டர் வச்சிருக்காங்களே?"

சாதாரணமாக நடந்து தாண்டிப் போங்கள். நடுவில் நிற்கவும் வேண்டாம், சாய்ந்துகொள்ளவும் வேண்டாம். மணி அடித்தால் பதறாமல் அட்டையைக் காட்டுங்கள். கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை மார்பின் மேல் வைக்க வேண்டாம், கையால் தடவிச் சோதியுங்கள் என்று காவலரிடம் சொல்லுங்கள். தி.நகர்த் துணிக்கடை வாசலில் உள்ள திருட்டுத் தடுப்புக் கம்பங்களுக்கும் இதே முறைதான்.

"மருந்தீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவுக்குப் போகணும்னு ஆசை."

போய்த் தரிசனம் செய்யுங்கள். ஆனால் தேர் வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம். நெரிசலில் மார்பில் முழங்கை இடித்தால் கருவி இருக்கும் இடம் காயப்படும். பெரிய ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் உண்டு, ஜெனரேட்டரிலும் மின்காந்தப் புலம் உண்டு. இரண்டின் அருகிலும் நிற்க வேண்டாம். கலாக்ஷேத்ராவில் நாட்டியம் பார்க்கவும் மார்கழிக் கச்சேரி கேட்கவும் ஒரு தடையும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் போதும்.

"பழனி, ராமேசுவரம் எல்லாம் இனிமே கிடையாதா?"

ஏன் கிடையாது? பழனி மலைக்கு 693 படி. ஏற முடியுமா என்பது இருதயத்தின் பலத்தையும் முழங்காலையும் பொறுத்தது. டாக்டர் சரி என்றால் நின்று நின்று ஏறலாம். இல்லாவிட்டால் விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடலாம், தையல் நன்றாக ஆறிய பிறகு.

"கார்ல போனா சீட் பெல்ட் அழுத்துது. கழட்டிடலாமா?"

கழற்றக் கூடாது. நம் நாட்டுக் கார்களில் முன் இருக்கையில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்காருபவரின் பெல்ட் இடது தோள் மேல்தான் வரும். அங்கே ஒரு சிறு துண்டை மடித்து வைத்துப் பெல்ட் போடுங்கள். அல்லது பின் இருக்கையில் வலப்பக்கம் உட்காருங்கள். தோள்பையையும் கருவி இல்லாத பக்கம் மாட்டுங்கள்.

"ரயில்ல மேல கரண்டு கம்பி ஓடுதே?"

பயணிகளுக்கு அதனால் தீங்கு இல்லை. பறக்கும் ரயில், மெட்ரோ, எக்ஸ்பிரஸ் எதிலும் போகலாம்.

"அமெரிக்காவுல மக பிரசவத்துக்குப் போகணும். பிளேன் ஏறலாமா?"

ஏறலாம். கருவி எந்த நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஆனால் புதிதாகக் கருவி வைத்தவர் டாக்டரிடம் கேட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். புறப்படுமுன் கருவியை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு, நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது பேஸ்மேக்கர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

"விளையாட்டு, மத்த விஷயமெல்லாம்?"

கேரம், சதுரங்கம், தோட்ட வேலை, நீச்சல், பூப்பந்து இவையெல்லாம் ஆறு வாரத்துக்குப் பின் டாக்டர் சொன்னபடி செய்யலாம். கபடி, குத்துச்சண்டை, சிலம்பம் போல மார்பில் அடிபடக்கூடியவை வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களில் தூக்கிப் போடும் ராட்டினங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஏறட்டும், நீங்கள் கீழே நின்று கை தட்டுங்கள். கணவன் மனைவி தாம்பத்திய உறவுக்கும் பேஸ்மேக்கர் தடை அல்ல. புண் ஆறும்வரை கருவி உள்ள பக்கத்தை அழுத்தாமல் இருந்தால் போதும்.

நாடி பார்க்கப் பழகுங்கள்

உள்ளங்கையை மேலே திருப்பி வையுங்கள். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், மற்றொரு கையின் நடு மூன்று விரல்களை வைத்து லேசாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். உங்கள் கருவியில் வைத்துள்ள மிகக் குறைந்த துடிப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முறை எண்ணியும் நாடி அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், பழையபடி தலைசுற்றல் வந்தால், விக்கல் நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், எங்கே இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். "டூர் முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். மூர்ச்சையோ நெஞ்சுவலியோ வந்தால் 108க்குப் போன் செய்யுங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு எதற்காகப் போனாலும், "எனக்குப் பேஸ்மேக்கர் இருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் அந்தக் கருவி அதற்கு ஏற்றதா என்று அட்டையைக் காட்டிக் கேட்டே தீர வேண்டும்.

டாக்டர் குறித்துக்கொடுத்த நாளில் கருவியைச் சோதிக்கத் தவறாதீர்கள். பேட்டரி தீரப்போவது பல மாதங்களுக்கு முன்பே சோதனையில் தெரிந்துவிடும். பஸ் குலுக்கலைவிட, சோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"வேணாம், போகாதீங்க" என்பதற்குப் பதில், "அட்டை எடுத்துக்கிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? வாங்க, நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

படித்தபின் விடை சொல்லுங்கள்

1. செல்போனுக்கும் கருவிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்? இன்டக்‌ஷன் அடுப்புக்கு எவ்வளவு?
2. முதல் ஆறு வாரம் பஸ்ஸில் எந்தக் கையால் மேல் கம்பியைப் பிடிக்கக் கூடாது?
3. மெட்டல் டிடெக்டரில் மணி அடித்தால் என்ன செய்வீர்கள்?
4. உங்கள் வீட்டுப் பெரியவரின் அடையாள அட்டை இப்போது எங்கே இருக்கிறது?

நான்காவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு இப்போதே போய்த் தேடி எடுத்து, அவர் கைப்பையில் வையுங்கள்.