தண்ணீர் மேசையில் தொடங்கும் வேலை

மலைச் சைக்கிள் பந்தயம் ஓட்டிப் பிழைக்கலாமா என்று கெடாவின் மெர்போக், செமிலிங், பீடோங் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால் நேராகவே சொல்லிவிடலாம்: மலேசியாவில் அப்படிப் பிழைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பந்தயத்தைச் சுற்றிப் பிழைக்கலாமா என்று கேட்டால் பேச்சே வேறு. பாதை போட ஆள் வேண்டும். தண்ணீர் மேசை பார்க்க ஆள் வேண்டும். நடுவழியில் அறுந்த செயினைக் கோக்கவும், கடையில் உட்கார்ந்து எந்தச் சாமான் வாங்கலாம் என்று நேர்மையாகச் சொல்லவும் ஆள் வேண்டும். முழு நேர வேலையாகவோ, வார இறுதி வருமானமாகவோ இதை வளர்த்துக்கொள்ளலாம். தொடங்க வேண்டிய இடம் தண்ணீர் மேசை.

ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டா முதல் நடக்கும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் சில கிலோமீட்டர் நீளச் சுற்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நம் ஊரில் ஜம்போரி என்று நடத்தும் மலைச் சைக்கிள் ஓட்டம் அப்படியல்ல. கம்போங், செம்பனை, பால்மரம், வாய்க்கால் வரப்பு என்று முப்பது நாற்பது கிலோமீட்டர் இழுக்கும். முன்னால் போகிற கூட்டம் பந்தயம் ஓட்டும். பின்னால் வருகிற ஐம்பது வயது அரசாங்க ஊழியர் படம் எடுத்துக்கொண்டு, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருவார். கடைசியில் சாப்பாடு, அதிர்ஷ்டக் குலுக்கு. இதே கெடாவின் லங்காவி 2010களின் தொடக்கத்தில் பல நாள் அனைத்துலகப் பந்தயத்தையே நடத்திக் காட்டியது. ஆனால் உங்களுக்குச் சோறு போடப்போவது ஜம்போரிதான்.

தேதி விஷயத்தில் ஒரு உள்ளூர்ச் சூட்சுமம் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கிலும் சனி, ஞாயிறு. இரண்டு பக்கத்து ஆட்களும் வர வேண்டுமானால் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். நோன்பு மாதத்தில் பகல் ஜம்போரி என்ற பேச்சே எடுக்காதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை. அப்போது ஒத்துக்கொள்கிறவர் சேற்றுக்கும் சேர்த்து ஒத்துக்கொள்கிறார் என்று பொருள்.

இரண்டாவது மேசையைக் கேளுங்கள்

ஏற்பாட்டாளரிடம் முதல் தடவை போகும்போது இரண்டாவது தண்ணீர் மேசையைக் கேட்டு வாங்குங்கள். முதல் மேசைக்கு வரும்போது எல்லார் புட்டியிலும் தண்ணீர் இருக்கும். கடைசி மேசைக்கு வருகிறவருக்கு நினைப்பெல்லாம் வீட்டிலும் சாப்பாட்டிலும். நடு மேசையில்தான் வெயில், தாகம், தசைப்பிடிப்பு, தளர்ந்த நட்டு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அங்கே ஒரு காலைப்பொழுது நின்றால் எந்தச் சைக்கிள் எந்த இடத்தில் கழன்றுபோகிறது என்று கண்ணாலேயே படிக்கலாம். காசு கட்டிப் போகும் வகுப்பில் இது கிடைக்காது.

கணக்கை முதலில் போடுங்கள். நம் வெக்கையில் மிதிக்கிறவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். 500 பேர் வருகிறார்கள், உங்கள் மேசையில் ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 250 லிட்டர். தலையில் ஊற்றிக்கொள்வதும் சிந்துவதும் சேர்த்து 350 என்று வையுங்கள். அது 350 கிலோ; சாதாரணக் காரில் ஏறாது. தோட்டத்து டிராக்டரோ பிக்கப்போ எந்த முனை வரை வரும் என்பதை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். மேசையை ஏற்றம் தொடங்கும் இடத்தில், அகலமான நிழலில் போடுங்கள். இறக்கத்தின் அடியில் போட்டால் வேகமாக வருகிறவர் நேராக மேசைக்குள்ளேயே வந்துவிடுவார். அனைத்துலகப் பந்தயங்களிலும் மெதுவாகப் போகிற, அகலமான இடத்தைத்தான் இதற்கு ஒதுக்குவார்கள்.

வெறும் தண்ணீர் ஒரு பக்கம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்தது ஒரு பக்கம். 100 ப்ளஸ் வைத்தால் முன்கூட்டியே திறந்து ஊற்றி வாயுவை விடுங்கள்; ஏற்றத்தில் ஏப்பம் விடுவது யாருக்கும் உதவாது. நீங்களே கலப்பதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். பக்கத்தில் உப்புக்கடலை ஒரு கிண்ணம் இருக்கட்டும்.

சாப்பிடக் கொடுப்பதில் தாராளம் காட்டலாம், கொழுப்பில் மட்டும் கை இறுக்கம் வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதிக்கிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் வந்துவிடும். பேரீச்சம்பழம், தர்பூசணித் துண்டு, ஜாம் தடவிய ரொட்டி நல்லவை. வடையும் நாசி லெமாக்கும் முடிவுக்கோட்டில் கிடைக்கட்டும், நடுவழியில் வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களாக இருப்பார்கள். பொருள் எல்லாம் ஹலால், முடிந்தால் மேசையே சைவம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் தயக்கம் இருக்காது. "பாங், ஆயர் கோசோங்!" (அண்ணே, வெறும் தண்ணீர்!) என்று தூரத்திலேயே குரல் கொடுத்துப் பழகுங்கள். எதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர் நிற்காமலே வாங்கிப் போவார்.

ஐஸ் வாங்கும்போது குடிக்கத் தகுந்த குழாய் ஐஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். தஞ்சோங் டாவாய் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ் மலிவாகக் கிடைக்கும். அது மீனோடு இருக்கட்டும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று: சேறு. 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றுக்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். மழைச் சேறு தெறித்து வாய்க்குள் போனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டு வேல்ஸில் ஆட்டு மந்தை மேயும் நிலத்தில் அதே கதை. நமக்கு இன்னும் பக்கத்தில், 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. நம் செம்பனைத் தோட்டங்களில் மாடும் ஆடும் மேய்கின்றன, எலிக்கும் குறைவில்லை. அதனால் மேசையில் ஒரு வாளி சுத்தத் தண்ணீரும் துணியும் கட்டாயம். யார் புட்டியை நீட்டினாலும் முதலில் அதன் வாயைத் துடைத்துவிட்டு நிரப்புங்கள். மூடி உள்ள புட்டி வாங்கச் சொல்லுங்கள். கையிலோ காலிலோ சிராய்ப்பு இருந்தால் கழுவாமல் அனுப்பாதீர்கள்.

தடுமாறி வருகிறவர், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறவர், உடம்பு கொதிக்கிறவர் யாராவது வந்தால் அது வெறும் களைப்பு அல்ல. 999ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை காத்திராமல் அப்போதே நிழலில் படுக்கவைத்து ஐஸ் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள். இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்புக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் கூலியையும் கொஞ்சம் ஏற்றிக் கேட்க வைக்கும்.

சாமான் சொல்கிறவர்

மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும் பம்பு, ஆலன் சாவிகள், செயின் கட்டர், 11 வேகச் செயினுக்கும் 12 வேகச் செயினுக்கும் தனித்தனிக் குயிக் லிங்க், டயர் பிளக், வலுவான டேப். அதைத் திறந்து வேலை செய்கிற ஒவ்வொரு தடவையும் என்ன உடைந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சில ஜம்போரி கழிந்ததும் நம் மண்ணுக்கு என்ன சாமான் வேண்டும் என்று உங்கள் குறிப்பேடே சொல்லும்.

செம்பனை மட்டையின் முள்தான் பெரிய எதிரி. ட்யூப் போட்ட டயர் இங்கே தாங்காது; ட்யூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றும் சீலன்ட்டும் சிறு ஓட்டைகளைத் தானாக அடைக்கும். பல சீலன்ட்டுகளின் மூலப்பொருள் இயற்கை ரப்பர் பால். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்தான் புட்டியில் அடைபட்டுக் கப்பலேறி வந்து விலையேறி நிற்கிறது! வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஊற்றியதோடு மறந்துவிடுகிறார்கள். டயர் அகலம் 2.25 அங்குலத்துக்கு மேல், 70 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பார்க்கலாம். கல்லாக இறுக்கிக் காற்றடித்து வருகிறவர்தான் ஈரச் செம்மண்ணில் முதலில் சறுக்குவார்.

அடுத்தது பின்கியரைத் தாங்கும் டெரெய்லர் ஹேங்கர். குச்சியோ மட்டையோ பின்சக்கரத்தில் சிக்கினால் வளைவது அந்தச் சின்ன அலுமினியத் துண்டுதான். மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, நடுவழியில் கிடைக்கவே கிடைக்காது. சைக்கிள் வாங்குகிற அன்றே ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போடச் சொல்வதுதான் நல்ல கடைக்காரர் செய்கிற வேலை. பிரேக் கட்டைகளில் ரெசின் வகை சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேற்றில் ஒரே நாளில் தேய்ந்துபோனாலும் ஆச்சரியப்படக் கூடாது. மழைக்காலத்துக்கு உலோக வகை. பிரேக் எண்ணெயில் மட்டும் விளையாட வேண்டாம். மினரல் எண்ணெய் கேட்கும் பிரேக்கில் டாட் திரவம் ஊற்றினால் உள்ளே ரப்பர் வளையம் கெட்டுவிடும்.

"அண்ணே, கார்பன் எடுக்கலாமா, இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் எடுக்கலாமா?" என்று ஒருவர் வருவார். மெர்போக்கைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைக்கு, முன்னால் 100 முதல் 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கு, 29 அங்குலச் சக்கரம், முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள அலுமினிய ஹார்ட்டெயில் போதும் என்பது என் கட்சி. பின்பக்க சஸ்பென்ஷனின் பேரிங்குகள் நம் சேற்றைத் தின்று தீர்ந்துவிடும், பராமரிப்புச் செலவும் கூடும். கையில் காசு குறைவாக இருந்தால் உடம்புக்குப் பொருந்தும் அளவு, டிஸ்க் பிரேக், டயர், தலைக்கவசம் என்ற வரிசையில் செலவழிக்கச் சொல்லுங்கள். கார்பன் பிறகு வரட்டும். பழைய சைக்கிளைப் பார்க்கச் சொன்னால் செயின் தேய்மானத்தை அளந்து பாருங்கள், ஃபோர்க்குக் குழாயில் கீறலைத் தேடுங்கள், பெடல் அச்சுக்கு அருகிலும் கைப்பிடிக் கழுத்திலும் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். விற்காமல் விட்ட சாமானால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

பாதை போடும் வேலை கிடைத்தால்

மெர்போக்கில் பாதை போடுவது மற்ற ஊரில் போடுவது போல அல்ல. காலடியில், சண்டி எனப்படும் பழங்காலக் கோயில்களின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட் சண்டியை 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டினார். அதன் பக்கத்திலேயே இன்று தொல்லியல் அருங்காட்சியகம். 2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி வீடமைப்பு வேலையில் இடிபட்டு நாடே பேசியது. இப்படிப்பட்ட இடங்களைக் காக்க 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. சந்தேகமான மேட்டில் மண்வெட்டி வைக்காதீர்கள், பாதையைச் சுற்றி விடுங்கள்.

தோட்ட நிர்வாகியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு டேப்கூடக் கட்டாதீர்கள். பால்மரத்தில் ஆணி அடிப்பது பட்டையைக் கெடுக்கும், வெட்டுகிறவரின் கத்தியையும் கெடுக்கும், கயிறு போதும். காலையில் கோப்பைகளில் பால் நிற்கும் நேரத்தில் சைக்கிள் கூட்டம் வரிசைக்குள் நுழைந்தால் ஒருவருடைய அன்றாடக் கூலி தரையில் கொட்டும். பால் எடுக்கும் நேரத்தை மண்டோரிடம் கேட்டு அந்த வரிசையைத் தவிருங்கள்.

தாள் வேலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பெயரில் எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் வியாபாரம் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. உணவைக் கையாள்கிறவர் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிப்படி பயிற்சி வகுப்பும் டைபாய்டு ஊசியும் முடித்திருக்க வேண்டும். நிறுவனமாக நின்று விளையாட்டு நிகழ்ச்சி நடத்த 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரின் உரிமம் வேண்டும். அதனால் தொடக்கத்தில் துணைக் குத்தகையாக மட்டும் எடுங்கள். கருவி வாங்க தெக்குன் நேஷனல் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்பூமி கடனை விசாரிக்கலாம். சுயதொழில் செய்கிறவருக்கான 789ஆம் சட்டத்தின்கீழ் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். காட்டுக்குள் பாரங் பிடிக்கிற வேலை இது. சுங்கைப் பட்டாணிக் கடையில் முழு நேரம் சேர்ந்தால் 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை மறக்க வேண்டாம். பயிற்றுநராக ஆசை இருந்தால் தேசிய விளையாட்டுக் கழகத்தின் எஸ்பிகேகே பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புகள் முதல் நிலையிலிருந்து தொடங்குகின்றன.

விலை சொல்லும்போது தண்ணீர், ஐஸ், வண்டி எண்ணெய், ஆள்கூலி, குப்பை அள்ளுதல் ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். குப்பை வரியைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள், தோட்டம் மறுபடி அனுமதி தருவது அதைப் பொறுத்தது. பாதிப் பணம் முன்னால், மீதி அன்று மாலையே. அடுத்த வாரம் பேங்கில் போடுகிறேன் என்கிறவரின் ஜம்போரிக்கு அடுத்த ஆண்டு வேறு யாராவது தண்ணீர் ஊற்றட்டும்.