கழுத்தில் நெறி கட்டினால்: பொறுத்திருப்பதும் விரைந்து வருவதும்

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் மாவட்டத்து உழவர் யாவரும் அறிவர். தோலுக்கு அடியில் உள்ள நிணநீர் முடிச்சுகள் நோய்க் கிருமிகளை வடிகட்டித் தடுக்கும் காவல் நிலையங்களாகும். அங்கே போராட்டம் நிகழும்போது அவை வீங்குகின்றன. அவ்வீக்கத்தையே நெறி என்கிறோம். தொண்டையில் கிருமி புகுந்தால் கழுத்தில் நெறி கட்டுவதும் இவ்வாறே.

இளைஞர்களுக்குக் கடுமையான தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தின் இருபுறமும் நெறி, மிகுந்த சோர்வு ஆகியவை சேர்ந்து வந்தால், அது மோனோநியூக்ளியோசிஸ் என்னும் சுரப்பிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் எப்ஸ்டீன் பார் வைரஸ். சைட்டோமெகலோ வைரஸ் போன்றவையும் இதே தோற்றத்தை உண்டாக்கும். 1964ஆம் ஆண்டில் ஆந்தனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவான் பார் ஆகிய மூவரும் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியை ஆராய்ந்தபோது இவ்வைரஸைக் கண்டறிந்தனர். சுரப்பிக் காய்ச்சலுக்கும் இதுவே காரணம் என்பது 1968இல் தெளிவாயிற்று.

எவ்வாறு பரவுகிறது?

இது முதன்மையாக உமிழ்நீர் வழியே பரவுகிறது. அண்ணாந்து நீர் பருகுவதும், எச்சில் பாத்திரத்தைத் தவிர்ப்பதும் நம் முன்னோர் வகுத்த நல்ல பழக்கங்கள். எனினும் உலகில் வளர்ந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரஸை ஏற்கெனவே பெற்றவர்களே. சிறு வயதில் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சலாகவே கடந்துவிடும். பதின்ம வயதிலோ அதற்குப் பின்னரோ முதன்முறை வந்தால்தான் நோய் முழு வடிவம் பெறுகிறது. கிருமி புகுந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே நோய் வெளிப்படுவதால், யாரிடமிருந்து வந்தது எனத் தேடுவதில் பயனில்லை. நோயாளியைத் தனி அறையில் ஒதுக்கி வைக்கவும் தேவையில்லை.

மருந்தும் பராமரிப்பும்

இவ்வைரஸை ஒழிக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. உடலே அதனை அடக்கிவிடும். ஓய்வு, போதிய நீர், கஞ்சி போன்ற மென்மையான உணவு, மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் ஆகியவை போதும். காய்ச்சல் ஓரிரு வாரங்களில் தணியும். சோர்வு சில வாரங்கள் நீடிக்கலாம். தேர்வுக் காலத்தில் பிள்ளை படுத்தே இருப்பதைச் சோம்பல் என்று பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம்.

மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்ளக் கூடாது. அது வைரஸிடம் செயல்படாது. மேலும், இந்நோயில் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றை உட்கொள்வோருக்கு உடலெங்கும் செந்தடிப்பு தோன்றக்கூடும். டெங்கு, தொண்டை அடைப்பான் முதலியவற்றையும் ஆராய வேண்டியிருப்பதால், இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

மண்ணீரலைக் காப்போம்

இந்நோயில் இடது விலா எலும்புகளின் கீழுள்ள மண்ணீரல் பலருக்கு வீங்கும். அது கிழிவது மிக அரிது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆயினும் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆண்டின் தொடக்கத்தில் தச்சன்குறிச்சியில் வாடிவாசல் திறந்தது முதல் கோடை வரை, நம் மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு தொடர்ந்து நடைபெறுகிறது. நோயுற்ற இளைஞர் காய்ச்சல் விட்டதும் களம் இறங்க விரும்புவர். நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது நான்கு வாரங்களுக்கேனும் மாடு பிடித்தல், கபடி, பளு தூக்குதல் ஆகியவை கூடா. அதன் பின்னரும் மருத்துவர் வயிற்றைப் பரிசோதித்து இசைவு தரவேண்டும். வயிற்றை அழுத்தி நீவிவிடுவதும் ஆகாது. இடது மேல் வயிற்றிலோ இடது தோளிலோ திடீரென வலி, தலைசுற்றல், மயக்கம் தோன்றினால் உடனே 108 ஊர்தியை அழையுங்கள். மூச்சுத் திணறல் ஏற்பட்டாலும், உமிழ்நீரைக்கூட விழுங்க இயலாவிட்டாலும் அவ்வாறே செய்க.

நெறி கரையாவிட்டால்

வைரஸால் வரும் நெறி பொதுவாகத் தொட்டால் வலிக்கும்; சில வாரங்களில் சுருங்கும். நான்கு வாரங்கள் கடந்தும் கரையாத நெறி, வலியின்றி மெல்ல வளரும் நெறி, கல்லைப் போல் கடினமான நெறி, காறை எலும்புக்கு மேல் தோன்றும் நெறி ஆகியவற்றை அவ்வாறு விட்டுவைக்கக் கூடாது. நம் நாட்டில் அத்தகைய நெறிக்குக் காசநோய் முக்கியக் காரணமாகும். முன்னோர் கண்டமாலை என்றதும் பெரும்பாலும் இதுவே. இரண்டு வாரங்களுக்கு மேல் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் ஆகியவை உடன் இருந்தால் ஐயம் வலுக்கும். சில வேளைகளில் புற்றுநோயும் இவ்வாறு தொடங்கும்.

மெல்லிய ஊசியால் நெறியிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்தால் காரணம் தெரியவரும். ஊசி குத்தினால் நோய் பரவும் என அஞ்சிப் பற்றுப் போட்டுக் காலம் கடத்துவது பிழை. காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நெறிக் காசநோய் பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகும். ஊட்டச்சத்துக்கென மாதந்தோறும் ரூ.1,000 அரசால் வழங்கப்படுகிறது.

எனவே நெறி தோன்றிய நாளைக் குறித்து வையுங்கள். நான்கு வாரங்களில் அது கரைந்தால் மகிழ்வோம். கரையாவிட்டால் அந்தக் குறிப்புடன் மருத்துவரிடம் வாருங்கள்.