ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஐசிஎம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அண்ணாச்சி, வெப்ல ஒண்ணுமே திறக்க மாட்டேங்கு. ஐசிஎம்மை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், இப்ப சரியாயிட்டு."

மாதத்துக்கு நாலைந்து தடவையாவது இதைக் கேட்டுவிடுகிறேன். சொல்கிறவர் சென்னையில் இருப்பார், கோவையில் இருப்பார், சிங்கப்பூரிலும் இருப்பார். சாகுபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் எஸ்ஏபி சர்வர்களைப் பராமரிக்கிற பேசிஸ் வேலை என்னுடையது. "சரியாயிட்டு" என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்பிக்கை 1: ஐசிஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் கோளாறு தீர்ந்துவிடும்

எஸ்ஏபி சர்வரின் இணையப் போக்குவரத்து முழுவதையும் கவனிக்கிற தனி புரோகிராம் ஐசிஎம், அதாவது இன்டர்நெட் கம்யூனிகேஷன் மேனேஜர். வெப் அப்ளிகேஷன் சர்வர் 6.10 பதிப்போடு வந்தது. பிரவுசரிலிருந்து வருகிற கோரிக்கை இதன் வழியாகத்தான் உள்ளே வரும். நம் சர்வர் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்புகிற விவரமும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் வெளியே போகும். ஆனால் ஐசிஎம் வாசல் மட்டும்தான். கோரிக்கையை வாங்கி, மெமரி பைப் என்ற நினைவகக் குழாயில் வைத்து, உள்ளே இருக்கும் ஒர்க் பிராசஸிடம் ஒப்படைக்கும். வேலை நடப்பது அங்கே. உள்ளே எல்லோரும் மாட்டிக்கொண்டிருந்தால் வாசலில் வரிசை நீளத்தான் செய்யும். அதற்கு வாசல்காரனை மாற்றி என்ன பயன்?

ஒரு மாதக் கடைசி நாளில் நடந்ததைச் சொல்கிறேன். வேறு மாவட்டத்து நிறுவனம், பெயர் வேண்டாம். சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டில் நிற்கின்றன. இ-இன்வாய்ஸுக்கான ஐஆர்என் என்ற அடையாள எண்ணும் கியூஆர் கோடும் வரவில்லை. அங்கிருந்த தம்பி ஐசிஎம்மை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஓடியது, மறுபடி நின்றது. மறுபடி ரீஸ்டார்ட். மூன்றாவது தடவை நின்றபோதுதான் எனக்குப் போன் வந்தது.

முதலில் கேட்டது டிரேஸ் கோப்பு. ஐசிஎம் தன் நடவடிக்கைகளை டெவ்_ஐசிஎம் என்ற கோப்பில் எழுதிவைக்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது அந்தக் கோப்புக்கு .ஓல்டு என்று பெயர் மாறி, புதுக் கோப்பு தொடங்கும். இரண்டாவது தடவை ரீஸ்டார்ட் ஆனால் பழைய .ஓல்டு அழிந்து, அந்த இடத்தில் அடுத்தது வந்து உட்காரும். கோளாறு முதலில் தலைகாட்டிய நேரத்துப் பதிவை இரண்டு ரீஸ்டார்ட்டில் தம்பி தன் கையாலேயே அழித்திருந்தார்.

இன்னொன்று கேட்டேன். "எஸ்ஏபி ஜியுஐ-யில வேலை பார்க்கிறவங்களுக்கு எப்படி இருக்கு?" "அதுவும் மெதுவாத்தான் இருக்கு அண்ணாச்சி." அங்கேயே விடை கிடைத்துவிட்டது. ஜியுஐ-யில் நுழைகிறவர்கள் ஐசிஎம் வழியாக வருவதில்லை, ஒர்க் பிராசஸ்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பேச்சரிடம் நேராகப் போகிறார்கள். அவர்களும் திணறுகிறார்கள் என்றால் கோளாறு வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஒர்க் பிராசஸ்கள் என்ன செய்கின்றன என்று காட்டும் எஸ்எம்50 திரையைத் திறந்தோம். டயலாக் ஒர்க் பிராசஸ்கள் அத்தனையிலும் ஒரே யூசர், ஒரே புரோகிராம். வெளியிலிருந்து இணைத்திருந்த ஒரு மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தடவை மொத்த ஸ்டாக் பட்டியலையும் கேட்டுக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் அதன் இணைப்புகள் அறுந்து கொஞ்ச நேரம் மூச்சு விட முடிந்தது. அது திரும்ப வந்து இணைந்ததும் பழைய கதைதான். அந்த யூசரைப் பூட்டினோம், பத்து நிமிடத்தில் இன்வாய்ஸ் ஓடத் தொடங்கியது.

இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்குக் காரணமே அந்த முக்கால் மணி நேர நிம்மதிதான்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஐசிஎம்மை உடனே நிறுத்தும் ஹார்டு எக்ஸிட் கொடுத்தால் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் பாதியில் அறுபடும். இன்வாய்ஸ் விவரம் ஜிஎஸ்டி தளத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஐஆர்என் உருவாகி, பதில் நம்மிடம் வந்து சேர்வதற்குள் அறுந்தால் என்ன ஆகும்? அங்கே எண் இருக்கும், இங்கே இருக்காது. திரும்ப அனுப்பினால் 2150 என்ற பிழை வரும்: இந்த இன்வாய்ஸுக்கு ஏற்கெனவே ஐஆர்என் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அப்படி அரைகுறையாக நின்றவற்றைக் கணக்குப் பிரிவுக்காரர்கள் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்தார்கள். லாரி டிரைவர்கள் கேட்டிலேயே சாப்பிட்டார்கள்.

ரீஸ்டார்ட் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐசிஎம்மைக் கண்காணிக்கும் எஸ்எம்ஐசிஎம் திரையின் முகப்பிலேயே மூன்று வரி இருக்கிறது: உருவான திரெட்கள், பயன்பாட்டில் உள்ள இணைப்புகள், வரிசையில் நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் இப்போதைய அளவு, தொட்ட உச்சம், மேல் வரம்பு என்று மூன்று எண். முதலில் அந்த ஒன்பது எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரேஸ் கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். எஸ்எம்50 பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட்தான் வழி என்றால், நடக்கிற வேலை முடியும்வரை காத்திருக்கும் சாஃப்ட் எக்ஸிட் கொடுங்கள்.

நம்பிக்கை 2: ஐசிஎம் நின்றால் எஸ்ஏபி மொத்தமும் நின்றுவிடும்

நிற்காது. வெப் வழியாக வேலை பார்க்கிறவர்களுக்கும் வெளித்தொடர்புகளுக்கும்தான் பாதிப்பு. டிஸ்பேச்சரே ஐசிஎம்மை மறுபடி எழுப்பிவிடும்.

நம்பிக்கை 3: மெதுவாக இருந்தால் திரெட் எண்ணிக்கையைக் கூட்டு

திரெட் உச்ச எண் உண்மையிலேயே வரம்பைத் தொட்டிருந்தால், கூட்டலாம். தொடாதபோது ஐசிஎம்/மேக்ஸ்_திரெட்ஸ் அளவை இரட்டிப்பாக்கினால் பயன் இல்லை. உள்ளே ஒர்க் பிராசஸ் அதே எண்ணிக்கைதானே!

நம்பிக்கை 4: நம் சர்வர் உள் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது, பேட்ச் அவசரமில்லை

2022 பிப்ரவரி 8 அன்று ஐசிஎம்மிலேயே இருந்த ஓர் ஓட்டைக்கு எஸ்ஏபி திருத்தம் வெளியிட்டது. ஒனாப்சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. ஐசிஎம்ஏடி என்று பெயர், குறிப்பு எண் 3123396. ஆபத்து மதிப்பு 10-க்கு 10. லாகின்கூடத் தேவையில்லை, திரிக்கப்பட்ட ஒரு கோரிக்கையை அடுத்தவர் கோரிக்கையோடு ஒட்டி உள்ளே அனுப்பிவிடலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, நடைமுறையில் தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப்பும் உள் நெட்வொர்க்கில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நம்பிக்கை 5: சான்றிதழை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்

பாதுகாப்பான வெப் இணைப்புக்கு ஐசிஎம் பயன்படுத்தும் பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைத்துவிட்டார்கள். எஸ்டிரஸ்ட் திரையில் காலாவதித் தேதியை மாதாமாதம் பார்க்கிற பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

கடைசியாக, பல வருஷமாக நான் சொல்லிச் சொல்லி அலுக்காத ஒன்று: ஒரு நோட்டு போடுங்கள்.

சாகுபுரம் கெமிக்கல் ஆலையால் உருவான ஊர். உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிற இடம். இங்கே கண்ட்ரோல் ரூம் வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கு மணி ரீடிங் எழுதுவார்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். எதையாவது நிறுத்தினால், ஏன் நிறுத்தினோம் என்று எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது. கோடிக்கணக்கில் வியாபாரம் ஓடுகிற சர்வருக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு இல்லை. நான் பார்க்கும் சர்வர்களை என்னால் தொடவே முடியவில்லை. திருச்சியிலிருந்து ஒரு தம்பி பார்த்துக்கொண்டார். அவரிடம் இருந்தது, நான் தமிழில் எழுதி ஏற்கெனவே அனுப்பிவைத்திருந்த பதினோரு பக்க நோட்டின் நகல். எந்த எண் எவ்வளவு இருந்தால் சரி, எது தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அதில் இருந்தது. லைன் திரும்பி வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். "நடுவுல ஒரு தடவ மெதுவாச்சு அண்ணே. நாலாம் பக்கத்துல போட்டிருந்தபடி எஸ்எம்50 பார்த்தேன். ரீஸ்டார்ட் பண்ணல" என்றார்.

நாளைக்குக் காலையில் அதே மாதிரி ஒரு நோட்டை நீங்களும் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் தேதி, நேரம், எஸ்எம்ஐசிஎம் காட்டும் அந்த ஒன்பது எண். எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில் எழுதுங்கள். அந்த எண்கள் தெரிந்தால்தான், கெட்டுப்போன நாளில் எது மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.